புளியங்கட்டைப் பிடி போட்ட ஸ்விஸ் கத்தி: ஐந்து மாதம் கையில் வைத்திருந்து எழுதுவது

என் தம்பி கப்பலில் வேலை பார்க்கிறான். மூன்று வருஷம் முன்னால் லீவுக்கு வந்தபோது எனக்கென்று விக்டோரினாக்ஸ் கம்பெனியின் ஸ்பார்ட்டன் என்ற மடக்குக் கத்தி ஒன்று கொண்டுவந்தான். மடக்கினால் 91 மில்லி நீளம், எடை சுமார் 60 கிராம், இரண்டு பக்கமும் சிவப்புப் பிளாஸ்டிக். "உன் வேலைக்கு இதுதான்க்கா சரியா இருக்கும், வச்சுக்கோ" என்றான். நான் மோட்டாருக்குக் காயில், அதாவது செம்புக் கம்பிச் சுருள், கட்டுகிறவள். தண்டையார்பேட்டையில் நானும் வீட்டுக்காரரும் கடை வைத்திருக்கிறோம். பேரிங், ஷாஃப்ட், மோட்டாரைத் தூக்கி இறக்குவது எல்லாம் அவர். ஸ்டேட்டரில், அதாவது மோட்டாரின் சுழலாத இரும்புப் பகுதியில், காயில் இறக்குவது நான். சீலிங் ஃபேனில் தொடங்கி ஜெட் பம்பு, காசிமேட்டு ஐஸ் கம்பெனி மோட்டார் வரைக்கும் வரும்.

அந்தக் கத்தியில் கம்பெனி போட்ட பிடி இப்போது இல்லை. கறிக்கடையில் கழித்துப்போட்ட புளியங்கட்டையிலிருந்து நானே அறுத்து, தேய்த்து, ஒட்டிய பிடிதான் டிசம்பரிலிருந்து இருக்கிறது. கத்தி எப்படி, மரப் பிடி எப்படி, வீட்டில் வைத்துச் செய்ய முடியுமா என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

முதலில் கத்தி. பெரிய பிளேடில், ஸ்டேட்டர் பள்ளங்களுக்குள் போடும் லெதராய்டு என்ற கெட்டிக் காகிதமும் கம்பி மேல் மாட்டும் ஸ்லீவும் வெட்டுவேன். சின்ன பிளேடு செம்புக் கம்பி நுனியில் எனாமல் சுரண்ட. ஊசி மாதிரி இருக்கும் துளைப்பான், பழைய காயிலின் வார்னிஷ் இறுகிய முடிச்சைக் கிளற. கார்க் திருகு இருக்கிறதே, அதை வைத்து என்ன செய்வது என்று முதலில் எனக்கும் தெரியவில்லை. கட்டு நூல் சிக்கிக்கொண்டால் அதைவிட நல்ல சாமான் கிடையாது. முடிச்சுக்குள் திருகி லேசாக இழுத்தால் நூல் அறாமல் தளரும். எஃகு ரொம்பக் கடினம் இல்லை, கடினத்தை அளக்கும் ராக்வெல் கணக்கில் பிளேடு 56. எனாமல் சுரண்டுகிற வேலைக்கு வாரம் ஒரு தரம் தீட்ட வேண்டியிருக்கிறது. ஆனால் சாணைக்கல்லில் பத்துப் பதினைந்து இழுப்பில் கூர் திரும்பிவிடும். கடினமான எஃகில் செய்த கத்தியை வைத்து அரைமணி நேரம் மல்லுக்கட்டியிருக்கிறேன். எனக்கு இதுதான் தோது. ஒன்று மட்டும் நினைவில் இருக்க வேண்டும்: பிளேடுக்கு லாக் கிடையாது. ஸ்பிரிங் அழுத்தத்தில்தான் நிற்கிறது. நுனியை வைத்துக் குத்துகிற வேலைக்கு எடுத்தால் மடங்கி விரலில் விழும்.

எங்கள் பக்கத்து ஆட்கள் கத்தி என்று சொன்னாலே வெளியூர்க்காரர்களுக்கு வேறு படம் ஓடுகிறது. அது எனக்கு ரொம்ப வருத்தம். இந்தக் கடலோரத்தில் வலை அறுக்க ஒரு கத்தி, மீன் கழுவ ஒரு கத்தி, கயிறு வெட்ட ஒரு கத்தி, தோல் சீவ ஒரு கத்தி என்று ஒவ்வொன்றும் ஒரு வீட்டின் அடுப்பை எரியவைக்கிறது. என்னுடையதும் அந்த வரிசையில் ஒன்று.

பிளாஸ்டிக் பிடி போன கதை. போன வருஷம் மே மாசம், ஃபேன் வேலை தலைக்கு மேல். ராத்திரி பத்து மணிக்குக் கையிலிருந்த வார்னிஷை தின்னர் நனைத்த துணியில் துடைத்துவிட்டு, கத்தியையும் துடைத்து, அந்த ஈரத் துணி மேலேயே வைத்துவிட்டுப் போய்விட்டேன். காலையில் எடுத்தால் துணியின் நூல் வரி அச்சு அப்படியே சிவப்பில் பதிந்திருக்கிறது. தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. அந்தப் பிளாஸ்டிக்குப் பெயர் செல்லிடார். செல்லுலோஸிலிருந்து செய்வது. தின்னரில் இருக்கும் அசிட்டோன் மாதிரிச் சரக்குக்கு அது தாங்காது. கத்தியின் குறை என்று சொல்ல மாட்டேன், வைத்தது நான். ஆனால் பெயின்ட், வார்னிஷ், பாலிஷ் வேலை செய்கிறவர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

இந்தக் கத்திக்கு மரம் ஒன்றும் புதுசு இல்லை. இந்தக் கம்பெனியை உண்டாக்கிய கார்ல் எல்சனர் சுவிட்சர்லாந்தில் இபாக் என்ற ஊரில் 1884-ல் பட்டறை தொடங்கினார். 1891-ல் வந்த சிப்பாய்க் கத்திக்கு மரப் பிடிதான். நாம் பார்க்கும் இந்த ஆபீசர் கத்தி 1897-ல் பதிவானது. இன்றைக்கும் வால்நட் மரம் போட்டுக் கம்பெனியே விற்கிறது. ஆனால் டிரில்லிங் மெஷின், நுணுக்கமாக அளக்கும் வெர்னியர், கிரைண்டர், அரம் எல்லாம் கடையில் கிடக்கும்போது வாங்க மனசு வரவில்லை.

பிடியின் பழைய பிளாஸ்டிக் பட்டையைக் கழற்றுவது சுலபம். பழைய ஷேவிங் பிளேடு மாதிரி மெல்லிய தகட்டைப் பட்டைக்கும் உள்தகட்டுக்கும் நடுவில் ஓரமாக நுழைத்து, கொஞ்சம் கொஞ்சமாக நெம்பினால் டக்கென்று கழன்று வரும். உள்ளே பசை இல்லை. அலுமினியத் தகட்டின் மேல் மூன்று பித்தளை ஆணித் தலைகள் புடைத்துக்கொண்டு நிற்கும். பிளாஸ்டிக்கின் உள்பக்கக் குழிகள் அந்தத் தலைகளைக் கவ்விப் பிடித்திருக்கின்றன, அவ்வளவுதான். ஆணியை மட்டும் தொட்டுவிடக் கூடாது. கத்தி மொத்தமும் அதில்தான் கட்டுப்பட்டிருக்கிறது.

மரம் மூன்று பார்த்தேன்.

தேக்கு முதலில். பழைய வண்ணாரப்பேட்டையில் எங்களுக்குப் பழக்கமான ஆசாரி அண்ணன் ஒரு பட்டறை வைத்திருக்கிறார். இடித்த வீட்டு நிலையிலிருந்து மிஞ்சிய பர்மா தேக்குத் துண்டு ஒன்று கொடுத்தார். "இன்னா தங்கச்சி, இத்துனூண்டு துண்டுக்கு மிஷினப் போடச் சொல்றியே" என்று சொல்லிக்கொண்டே நாலு மில்லிக்கு இரண்டு பட்டை அறுத்தும் கொடுத்தார், காசு வாங்கவில்லை. பல வருஷம் காய்ந்த மரம், கோணவே இல்லை. வேலைக்கு இதமாகப் போகிறது, ரேகை அழகு. ஆனால் இரண்டு மாசத்தில் எனக்கு ஒத்துவரவில்லை. மூன்று மில்லி கனத்துக்குத் தேக்கு மெத்து. பையில் ஸ்பேனரோடு கிடந்ததில் விளிம்பெல்லாம் அமுங்கிப் போனது, கார்க் திருகு மடங்கும் பக்கத்தில் ஒரு சில்லு பெயர்ந்தது. அதோடு, தேக்கில் இயல்பாகவே எண்ணெய் உண்டு. ஒட்டுவதற்கு முன்னால் தின்னரால் துடைத்து எண்ணெயை எடுக்க வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது. ஒரு பட்டை தானாகக் கழன்று கையில் வந்தது. மேசையில் வைத்து ஆப்பிள் நறுக்குகிறவர்களுக்குத் தேக்கு தாராளமாகப் போதும்.

அடுத்தது கருங்காலி. கருங்காலி மாலை மோகம் வந்த பிறகு கறுப்பாக எது இருந்தாலும் கருங்காலி என்று விற்கிறார்கள். பாரிமுனைப் பக்கம் ஒருவரிடம் 350 ரூபாய்க்கு ஒரு துண்டு வாங்கினேன். வீட்டுக்கு வந்து வெள்ளைத் துணியில் தின்னர் தொட்டுத் துடைத்தேன், துணி கறுத்துவிட்டது. அறுத்துப் பார்த்தால் உள்ளே வெளிர் மஞ்சள். நல்ல கருங்காலி உள்ளேயும் கறுப்பாக இருக்கும், கையில் கனக்கும், பெரும்பாலும் தண்ணீரில் போட்டால் மூழ்கும். வாங்குகிறவர்கள் கடையிலேயே ஒரு ஓரத்தைச் சுரண்டிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். தயங்கினால் வந்துவிடுங்கள். எனக்கு நல்ல துண்டு கிடைக்கவே இல்லை, அதனால் அந்த மரத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

புளி எனக்குத் தோன்றியது மார்க்கெட்டில், கறிக்கடையில் நிற்கும்போது. நாளெல்லாம் வெட்டு வாங்கியும் பிளக்காத கட்டை. கறிக்கடைகளில் புளியங்கட்டையைத்தானே போடுகிறார்கள்! கடைக்குப் பின்னால் ஒரு பழைய கட்டை சாய்ந்து கிடந்தது. "பாய், அத்த தூக்கிப் போடப் போறீங்களா?" என்று கேட்டேன். "ஆமாக்கா, நடுவுல குழி வுழுந்துடுச்சு, அடுப்புக்குத்தான் போவும். ஒனக்கு இன்னாத்துக்கு?" விஷயத்தைச் சொன்னதும் அவரே ஆளை விட்டு ஆட்டோவில் ஏற்றிவிட்டார்.

அந்தக் கட்டையில் கவனிக்க வேண்டியது ரேகை. கறிக்கட்டை என்பது அடிமரத்தை வில்லையாக அறுத்தது; நார் எல்லாம் மேலும் கீழுமாக நிற்கும், வெட்டு நார் நுனியில் விழும். கத்திப் பிடிக்கோ நார் நீளவாக்கில் ஓட வேண்டும், குறுக்கே ஓடினால் மூன்று மில்லிப் பட்டை பிஸ்கட் மாதிரி ஒடியும். ஆகவே கட்டையை நிற்கவைத்தபடியே மேலிருந்து கீழாக அறுக்கச் சொன்னேன். மேற்பக்கம் இரண்டு அங்குலம், கொழுப்பும் ரத்தமும் ஊறிய பகுதி, அதை முழுக்கத் தள்ளிவிட்டோம். சுற்றிலும் இருக்கும் வெளிர்மஞ்சள் மரமும் வேண்டாம். நடுவில் வைரம் பாய்ந்த இடம் இருக்கிறது பாருங்கள், பழுத்த நாவல்பழத்தைக் கடித்தால் தெரியுமே, அந்த ஊதா கலந்த பழுப்பு. ஆசாரி அண்ணனே விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "நாப்பது வருசமா மரம் அறுக்கறேன், புளியை இப்டி ஒரு வேலைக்கு யாரும் கேட்டதில்ல" என்றார். இந்தத் தடவை அறுப்புக் கூலி 100 ரூபாய் வாங்கிக்கொண்டார். ரம்பம் சூடாகி ஒரு தரம் நிறுத்த வேண்டியிருந்தது, கொடுத்தது நியாயம்தான்.

காயவைப்பதில் அவசரப்படவே கூடாது. வார்னிஷ் காயவைக்க எங்களிடம் பல்பு போட்ட பெட்டி ஒன்று உண்டு. அதில் வைத்தால் இரண்டு நாளில் காய்ந்துவிடும் என்று வீட்டுக்காரர் சொன்னார். நான் சம்மதிக்கவில்லை. மரம் வெளிப்பக்கம் மட்டும் சட்டென்று காய்ந்து சுருங்கினால் வெடிக்கும். இரண்டு நுனியிலும் மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றிவிட்டு, காற்று வரும் அலமாரி மேல்தட்டில் வைத்தேன். ஈரம் நார் நுனி வழியாகத்தான் வேகமாக வெளியேறும். அங்கே அடைத்தால் நிதானமாகக் காயும். வாரா வாரம் சமையல் தராசில் நிறுத்தேன். முதல் நாள் 412 கிராம். ஒரு மாசத்தில் 371. அப்புறம் 358, 357, மறுபடி 357. எடை குறைவது நின்றுவிட்டதென்றால் நம் ஊர்க் காற்றின் ஈரத்தோடு மரம் சமாதானம் ஆகிவிட்டது என்று அர்த்தம். இரண்டு மாசத்துக்கு மேல் ஆனது, கடல் ஓர ஊர், நடுவில் மழைக்காலம் வேறு.

பிறகு அதைப் பட்டையாக அறுத்து, அடுத்தடுத்து வந்த இரண்டு பட்டைகளைப் புத்தகம் விரிக்கிற மாதிரி விரித்து எடுத்தேன். ஒரு பக்க ரேகை மறு பக்கத்துக்குக் கண்ணாடி மாதிரி அமையும்.

இனி வருவதுதான் உயிரான வேலை. வெளிப்புறம் வழவழப்பாகத் தேய்ப்பதெல்லாம் பொறுமை இருந்தால் யாரும் செய்யலாம். உள்பக்கத்தில் அந்த மூன்று ஆணித் தலைக்கும் குழி எடுப்பதில்தான் பட்டை உட்காருவதும் ஆடுவதும். இடத்தை எப்படிக் குறிப்பது? ஆணித் தலைகள் மூன்றிலும் சாந்துப் பொட்டை ஈர்க்குச்சியால் தொட்டுவைத்து, பட்டையைச் சரியாகப் பிடித்து ஒரே அழுத்து. எடுத்தால் மூன்று கறுப்பு வட்டம் பதிந்திருக்கும். ஆணித் தலையை வெர்னியரில் அளந்து, அதைவிடக் கால் மில்லி பெரிய டிரில் எடுத்துக்கொண்டேன். எங்கே தவறியது என்றால், டிரில்லின் முனை கூம்பு. மூன்று மில்லி மரத்தில் இரண்டு மில்லி ஆழத்துக்கு ஓரம் இறங்குவதற்குள் கூம்பு நுனி மறுபக்கம் எட்டிப் பார்த்துவிட்டது. இரண்டு மாசம் காயவைத்த மரம், ஒரு நிமிஷத்தில் ஓட்டை. அன்றைக்கு அதற்கு மேல் வேலை ஓடவில்லை.

மறுநாள் ஒரு பழைய டிரில்லின் முனையை கிரைண்டரில் தட்டையாகத் தேய்த்தேன், நடுவில் ஒரு பொட்டு நுனி மட்டும் மிச்சம் வைத்து. முதலில் சாதா டிரில்லால் அரை மில்லி தொட்டு வழி காட்டிவிட்டு, பிறகு இந்தத் தட்டை டிரில்லை இறக்கினேன். எவ்வளவு ஆழம் என்பதற்கு டிரில் மேல் ஒரு சுற்று இன்சுலேஷன் டேப். டேப் மரத்தைத் தொட்டதும் நிறுத்த வேண்டும். மெஷினை மெதுவாக ஓட்ட வேண்டும், புளி சூடானால் கருகுகிற வாசம் வரும். குழிக்குள் ஆணித் தலை போய் உட்காரும்போது ஒரு சின்ன சத்தம், சம்புடத்துக்கு மூடி போடுகிற மாதிரி. அது கேட்டுவிட்டால் பட்டை அதன் இடத்தில் உட்கார்ந்துவிட்டது.

ஒட்டுவதற்கு நிதானமாக இறுகும் அரால்டைட். ஐந்து நிமிஷத்தில் பிடிக்கும் பசை வேண்டாம், சரிபார்த்து நகர்த்த நேரம் கிடைக்காது. அலுமினியத்தை 120 நம்பர் உப்புத்தாளால் கொஞ்சம் சொரசொரப்பாக்கி, துடைத்து, மெல்லிசாகப் பூசினேன். பசை பிதுங்கி ஸ்பிரிங் இடுக்கில் போய்விட்டால் கத்தி திறக்காது. அதற்காகப் பிளேடு மடங்கும் இடுக்கு எல்லாவற்றிலும் முன்கூட்டியே வேசலின் தடவினேன். பட்டை ஒட்டும் முகத்தில் மட்டும் வேசலின் படக் கூடாது. சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி இறுக்கிச் சுற்றி ஒரு முழு நாள் தொடவில்லை.

தேய்ப்பதற்கு முன்னால் பிளேடுகளை மடக்கி டேப் சுற்றுங்கள், முகத்துக்கு மாஸ்க் போடுங்கள். ஓரத்தை அலுமினியத்தோடு சேர்த்துத் தேய்த்தால் அலுமினியப் பொடி மரத்தின் துளையில் போய் சாம்பல் பூத்தது போல் ஆகிவிடும். அதனால் ஒட்டுவதற்கு முன்பே ஓரத்தை முக்கால்வாசி முடித்துவிட வேண்டும். 80 நம்பர் உப்புத்தாளில் தொடங்கி 120, 220, 400, 600. நடுவில் ஒரு தரம் ஈரத் துணியால் துடைத்தால் படுத்திருந்த நார் எழுந்து நிற்கும், அதைத் தேய்த்துவிட்டால் பின்னால் வியர்வை பட்டும் சொரசொரக்காது. லிங்கிச் செட்டி தெருவில் வாங்கிய நீடில் அரம் செட் ஒன்று கார்க் திருகுப் பக்கத்து வளைவுக்கு ரொம்ப உதவியது.

எண்ணெய் விஷயத்தில் ஒரு வார்த்தை. தேங்காய் எண்ணெய் பூசாதீர்கள், அது இறுகாது, நாள்பட்டால் சிக்கு வாடை வரும். காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய், லின்சீட் ஆயில் என்று பெயின்ட் கடையில் கேட்டால் கிடைக்கும். அதை மூன்று கை, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் இடைவெளி. பூசிய துணியைச் சுருட்டி மூலையில் எறியக் கூடாது. அந்த எண்ணெய் காற்று பட்டு இறுகும்போது சூடு கிளம்பி, சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் போட்டுக் காயவிடுங்கள். வார்னிஷும் தின்னரும் இருக்கும் கடையில் நான் இதை வேடிக்கையாக எடுத்துக்கொள்வதில்லை.

ஐந்து மாதம் ஆகிறது. பிடி முன்பைவிட ஒன்றரை மில்லி பருத்திருக்கிறது, என் கைக்கு அது நிறைவு. உள்ளங்கை வியர்த்தால் பிளாஸ்டிக் வழுக்கும். இது வழுக்கவில்லை. கட்டுவதற்கு உட்கார்ந்தால் மூன்று மணி நேரம் கத்தி கையை விட்டு இறங்காது, அதனால்தான் இந்த வித்தியாசம் எனக்குப் பெரிசாகத் தெரிகிறது. ஏப்ரல் வெயிலில் பட்டை சுருங்கி ஓரத்தில் அலுமினியம் ஒரு மயிரிழை தெரிந்தது, போன வாரம் புழுக்கம் ஏறியதும் மறைந்துவிட்டது. மரம் குறுக்குவாக்கில்தான் ஏறி இறங்கும், இந்த அகலத்துக்கு அதற்கு மேல் ஒன்றும் ஆகாது. இரண்டு தரம் சிமென்ட் தரையில் விழுந்தது, ஒரு கீறல்கூட இல்லை. நிறம் முன்பைவிடக் கறுத்து, ஊதா குறைந்துவிட்டது. அது மட்டும் எனக்குக் கொஞ்சம் ஏக்கம்.

போனது ஒன்று உண்டு. பழைய பிளாஸ்டிக்கில் சின்ன இடுக்கியும் பல்குச்சியும் செருகிவைக்கப் பள்ளம் இருந்தது. விரலில் செம்புக் கம்பிச் சிலும்பு ஏறினால் எடுக்க அந்த இடுக்கிதான் எனக்குக் கைகண்ட மருந்து. மூன்று மில்லி மரத்தில் அவ்வளவு நீளமான பள்ளம் தோண்ட எனக்குத் துணிச்சல் வரவில்லை. இடுக்கி இப்போது ஊசி டப்பாவில் இருக்கிறது, அவசரத்தில் தேடுகிறேன்.

செலவைக் கேட்டால், அறுப்புக் கூலி 100, உப்புத்தாள், பசை, எண்ணெய் எல்லாம் சேர்த்து 400-க்குள் முடிந்தது, ஏமாந்த 350-ஐச் சேர்க்காமல். கையில் டிரில்லிங் மெஷினும் வெர்னியரும் இல்லாதவர்கள் இதற்காக வாங்க வேண்டாம். பக்கத்தில் லேத் பட்டறை இருந்தால் குழி மட்டும் அங்கே போட்டு வாங்குங்கள், மற்றதை வீட்டிலேயே செய்யலாம். கத்தியோடு ஊருக்குப் போகிறவர்கள் விமானமென்றால் கைப்பையில் வைக்காதீர்கள், பிடுங்கிக்கொள்வார்கள். இவ்வளவு பாடுபட்ட பிடியோடு போய்விடும்.

தம்பி ஜூலையில் வருகிறான். வீடியோ காலில் பார்த்துவிட்டுத் தன் கத்திக்கும் வேண்டும் என்கிறான். கட்டையில் இன்னும் நாலு ஜோடிக்கு மரம் இருக்கிறது. அவனுக்கு மூன்றரை மில்லியாக அறுத்து வைத்திருக்கிறேன். இரும்பு அறுக்கும் ஆக்சா ரம்பத்தின் உடைந்த பிளேடு முனையைச் சுரண்டி மாதிரி தீட்டி, இடுக்கிப் பள்ளத்தை ஒரு வீண் துண்டில் இழுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நேற்று பாதி வரைக்கும் நேராக வந்தது.